திருடன் வராமைச் சான்றிதழ்

லிஃப்ட்காரரின் கார் வீட்டுக்கு வந்த எட்டாம் நாள், காலை ஏழு மணிக்கு, யாரும் தொடாமலேயே ஊரைக் கூட்டியது.

லிஃப்ட்காரர் என்றால் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்தப் பழைய சாம்பல் நிறக் காரை அவர் ஒரே ஒரு காரணத்துக்காக வாங்கியிருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவர் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் ஐந்தே வாரம். அலாரம் அடித்தால் இஞ்சின் கிளம்பாது, அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். வலி வந்த நேரத்தில் இது அலறிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று அவர் வேலைக்குப் போகாமல் காரையே சுற்றிச் சுற்றி வந்தார்.

இத்தனைக்கும் நோய் என்னவென்று அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். முதலில் பேட்டரியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார், அவற்றின் மேலும் குற்றமில்லை. கடைசியில் பானெட்டைத் தூக்கினார். அதன் விளிம்புக்குக் கீழே சுண்டு விரல் அளவில் ஒரு சுவிட்ச். பானெட் மூடியிருந்தால் அதன் தலை அமுங்கியிருக்கும், திறந்தால் நிமிர்ந்து அலாரத்தைக் கிளப்பிவிடும். தலைக்கு மாட்டியிருந்த ரப்பர் தொப்பி கிழிந்து, தண்ணீர் இறங்கி, உள்ளே துரு. ஒரு லாரி போய்ப் பானெட் லேசாக அதிர்ந்தாலும், யாரோ திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அது அலறியது. லிஃப்ட் கதவுகளில் இதே வியாதியை அவர் ஆயிரம் தடவை பார்த்தவர்.

"ரெண்டு நிமிஷ வேலை. சுவிட்ச் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உதிரி பாகக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சுவிட்சை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். லிஃப்ட்காரர் கையை நீட்டியதும் தன் கையால் அதை மூடிக்கொண்டார்.

"பொய் அலறல் சான்றிதழ் கொண்டாந்தீங்களா?"

"அப்படின்னா?"

"உங்க கார் அலறினது பொய்னு துறை எழுதிக் குடுக்கணும். நிஜமாவே திருடன் வந்து அலறியிருந்தா? சுவிட்சை மாத்தினா தடயத்தை அழிச்ச மாதிரி ஆயிடுமே. சீட்டு இல்லாம குடுத்தா என் கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க."

அங்கேயே திரும்பி வேறு எங்காவது ஒரு பழைய சுவிட்சைப் பிடுங்கி மாட்டியிருக்க வேண்டும். ஆனால் லிஃப்ட்காரர் யோக்கியர். அந்த ஒரு கெட்ட பழக்கத்தால், சான்றிதழ் வாங்க நேராகத் துறைக்கே போனார்.

எச்சரிக்கை ஒலி மெய்மை ஆய்வுத் துறை நாலு மாடிக் கட்டடம். வாசலில் துறையின் ஜீப் ஒன்று பே பே என்று அலறிக்கொண்டு நின்றது. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, ஜீப் அடிக்குதே" என்றார் லிஃப்ட்காரர், வாசற்காவலரிடம்.

"அடிச்சாத்தான் ஜீப் இருக்குன்னு அர்த்தம்" என்றார் காவலர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அடிக்குது. நீங்க உள்ள போங்க."

உள்ளே எழுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சுவிட்ச், ரப்பர் தொப்பி, துரு எல்லாம் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அலறல் பொய்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க?"

"பொய்தான் சார். யாருமே வரலை."

"வரலைன்னு யார் சொன்னது? திருடன் சொன்னானா?"

"வராதவன் எப்படி சார் சொல்லுவான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். தலைப்பு: திருடன் வராமைக்கான விண்ணப்பம். சம்பவ நேரத்தில் திருடன் வராததை நேரில் கண்ட இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும்.

முதல் சாட்சி அகப்படச் சிரமம் இருக்கவில்லை. மாடி வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ், பகலில் தூங்குகிறவர். அதாவது தூங்க முயற்சி செய்கிறவர். கார் அலறும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து லிஃப்ட்காரரின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டு மூடிக்கொள்வார். அவர் விழுந்து விழுந்து கையெழுத்துப் போட்டார்.

எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த அம்மா தூங்கிட்டிருந்ததா எழுதியிருக்காங்க. தூங்கறவங்க பார்க்காதது கணக்குல வராது. முழிச்சிருந்து, காரையே பார்த்துக்கிட்டு இருந்து, யாரையும் பார்க்காம இருந்திருக்கணும்."

"அப்படி யார் சார் காரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க?"

"திருடன் இருப்பான்" என்றார் எழுத்தர், யோசிக்காமல்.

சாட்சி கிடைக்காதவர்கள் வீட்டுக்கு ஆய்வாளர் நேரில் வருவார் என்பது அடுத்த விதி. வந்தார். ஒரு மடக்கு நாற்காலியும் நீளமான பதிவேடும் கூடவே வந்தன. காருக்கு இருபது அடி தள்ளி நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் ஒரு குப்பை லாரி போயிற்று, கார் அலறியது. லிஃப்ட்காரர் ஓடினார்.

"கிட்டப் போகாதீங்க!" ஆய்வாளர் கையைத் தூக்கினார். "அலறல் கேட்டா பதினோரு நிமிஷம் உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து நேரத்தைக் குறிக்கணும். அதான் நடைமுறை."

"திருடன் வந்திருந்தா அதுக்குள்ள ஓடிடுவானே சார்."

"ஓடட்டும். நாம கிட்டப் போனா அவன் பயந்துடுவான். பயந்தா இயல்பா திருட மாட்டான். இயல்பு கெட்டா ஆய்வு கெடும்."

வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி, "என்னங்க, அவர் பானெட்டைத் தூக்கி ஒரு தடவை பார்த்தா போதாதா?" என்று கேட்டாள்.

ஆய்வாளர் பரிதாபமாகச் சிரித்தார். "பார்த்தா காரணம் தெரிஞ்சிடும்மா. காரணம் தெரிஞ்ச பிறகு நாங்க எப்படி நடுநிலையா இருக்கறது?"

பதினோரு நிமிஷம் முடிந்ததும் அவர் எழுந்து பானெட்டுக்குச் சீல் வைத்தார். தடித்த கம்பி ஒன்றைப் பானெட்டின் விளிம்புக்குக் கீழே நுழைத்து, முறுக்கி, ஈயத்தை வைத்து அழுத்தினார். லிஃப்ட்காரருக்குப் பகீரென்றது. கம்பியின் தடிமனுக்குப் பானெட் அரை விரல்கடை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்த சுவிட்ச் பாதிக்கு மேல் நிமிர்ந்தேவிட்டது.

"சார், இந்தக் கம்பியே பானெட்டைத் தூக்குது. இனிமே காத்தடிச்சாக்கூட அலறும்."

"சீலைப் பத்திக் கருத்துச் சொல்ல தனிப் படிவம் இருக்கு. இன்னொண்ணு, இது இனி சம்பவ இடம். காரை ஒரு அடி நகர்த்தக் கூடாது."

"என் சம்சாரத்துக்கு இன்னும் மூணு வாரத்துல..."

"குழந்தைக்கு எங்க துறையோட வாழ்த்துகள்" என்று சொல்லி ஆய்வாளர் நாற்காலியை மடித்தார்.

அன்றுவரை ஒரு நாளைக்கு மூன்று முறை அலறிக்கொண்டிருந்த கார் மறுநாள் பதினேழு முறை அலறியது. பூனை நடந்தால் அலறியது, எதிர்வீட்டில் கதவைச் சாத்தினால் அலறியது. ஒரு பகலில் மாடி அக்கா ஜன்னலைத் திறந்து, வைய வார்த்தை எதுவும் மிச்சமில்லாமல், சும்மா பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதுதான் லிஃப்ட்காரருக்கு அதிகமாக வலித்தது.

துறையில் மட்டும் மகிழ்ச்சி. சீல் வைத்த பிறகு திருட்டு முயற்சிகளைக் கண்டறியும் திறன் ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பதாகச் சுவரில் வரைபடம் ஒட்டினார்கள். அந்தக் கோடு ஏறிக்கொண்டே போய்க் காகிதம் பற்றாமல் பக்கத்துச் சுவருக்குத் தாவியது. இரண்டு வாரத்தில் இயக்குநரே லிஃப்ட்காரரை விசாரணைக்கு அழைத்தார்.

இயக்குநரின் அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. அதன் கதவிலும் ஒரு சீல் தொங்கியது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் படியேறினார்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் இயக்குநர் அன்பாக. "இருநூத்தி நாப்பத்தாறு திருட்டு முயற்சி! ஒரு தனி மனுஷனோட கார்ல! உங்களைச் சந்திக்கறதுல எனக்குப் பெருமை."

"ஒண்ணுகூடத் திருட்டு இல்ல சார். ஒரு சுவிட்ச். நீங்க பொய்னு ஒரு சீட்டுக் குடுத்தா..."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து விரல்களைக் கோத்துக்கொண்டார். அப்படிக் கோத்தால் பேச்சு நீளும் என்று தெரிந்த எழுத்தர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இந்தத் துறை தொடங்கிப் பத்தொன்பது வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு அலறலைக்கூடப் பொய்னு சொல்லி யார் மனசையும் நாங்க புண்படுத்தினது இல்ல. எல்லாம் பொய்னு சொன்னா, அப்புறம் துறை எதுக்குன்னு கேப்பாங்க. எல்லாம் நிஜம்னு சொன்னா, திருடன் எங்கன்னு கேப்பாங்க. அதனால எல்லாத்தையும் பரிசீலனையில வெச்சிருக்கோம். பரிசீலனையில இருக்கற வரைக்கும் எங்க மேல யாரும் குறை சொல்ல முடியாது பாருங்க. இந்தக் கட்டடத்துல நாலு மாடி நிறைய பரிசீலனை. அஞ்சாவது மாடிக்கு எழுதியிருக்கோம்."

"அப்ப கோப்பு எப்பத்தான் சார் முடியும்?"

"திருடன் கிடைச்சா உடனே மூடிடலாம்." இயக்குநர் குரலைத் தாழ்த்தி மேசைக்கு மேல் குனிந்தார். "உங்களுக்கு மச்சான் கிச்சான் யாராவது இருக்காங்களா? சும்மா இருக்கறவங்களா, ஒரு கையெழுத்துப் போடறவங்களா?"

மச்சான் இருந்தார். ஆனால் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர்.

லிஃப்ட்காரர் வெறுங்கையோடு வரவில்லை. சீலைச் சேதமில்லாமல் பாதுகாக்கும்படி ஒரு தடித்த ஆணையை எழுத்தர் கொடுத்தனுப்பினார். அதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம் இரண்டு பத்துக்கு, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் கார் அலறியது. யாரும் எழுந்திருக்கவில்லை. அலறல் நிற்காமல் போகவே மாடி அக்கா தலைவிரி கோலமாக இறங்கி வந்தார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பது என்ற முடிவோடுதான் வந்தார். வந்தவர் கேட்டருகே அப்படியே நின்றார். லிஃப்ட்காரரின் மனைவி காரின் முன்பக்கத்தில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து நின்றாள்.

"தம்பி! ஓடியா! இவளுக்கு வலி கண்டுடுச்சு! வண்டியை எடு!"

"வண்டி எடுக்கக் கூடாதுக்கா, சம்பவ இடம்..."

"இங்கதான்டா சம்பவம் நடக்கப் போகுது! எடு வண்டியை!"

லிஃப்ட்காரர் சாவியைத் திருகினார். கார் அலறியதே தவிரக் கிளம்பவில்லை. இறங்கி வந்து கம்பியைப் பிடித்தார். ஈயத்தில் துறையின் முத்திரை பளபளத்தது. இருபத்தொரு வருஷமாக ஒரு கட்டடத்தில்கூட விதியை மீறாத கை, அதற்கு மேல் போக மறுத்தது.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. அடுத்த வலி வந்துவிட்டது. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது, கைக்கு அந்தக் கம்பி அகப்பட்டது. ஒரு இழு இழுத்தாள். துறை வைத்த சீல், முத்திரை, ஈயம் எல்லாம் அவள் கையோடு வந்தன.

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பானெட்டைத் தூக்கினார். சட்டைப் பையிலிருந்த துறையின் ஆணையை எடுத்து எட்டாக மடித்துச் சுவிட்சின் தலைமேல் வைத்து, பானெட்டை அழுத்தி மூடினார். காகிதத்தின் தடிமன் சுவிட்சை முழுக்க அமுக்கிவிட்டது. அலறல் நின்றது. ஒரு மாசமாகச் சத்தத்திலேயே இருந்து பழகிய தெரு, என்ன ஆயிற்றோ என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தது. துறை எழுதிய ஒரு காகிதம் ஒரு மனிதனுக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பாலத்தைத் தாண்டிப் பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. கொஞ்சம் எடை குறைவு, வாரம் ஒரு தடவை தவறாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. லிஃப்ட்காரர் குழந்தையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

மூன்றாம் வாரம் துறையிலிருந்து ஓலை வந்தது. காரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைக் காட்டப் போகிற நாள்தான் என்பதால் மூன்று பேருமாகவே போனார்கள். வாசலில் ஜீப் வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் காரை நிறுத்தினார். மனைவி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு படியேறினாள்.

அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். இயக்குநர் எழுந்து வந்து லிஃப்ட்காரரைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா எங்க சார் இருந்தீங்க? துறை ஆரம்பிச்சதுலேர்ந்து முதல் திருடன்!"

"யாரு சார்?"

"உங்க தெருவுல விசாரிச்சாச்சு. ரெண்டு பத்துக்கு அலறல். ரெண்டு பதினஞ்சுக்குச் சீல் உடைஞ்சிருக்கு. ரெண்டு இருபதுக்கு வண்டி பாலத்துமேல. ஓட்டினது நீங்க. முந்நூத்திப் பன்னிரண்டு முயற்சியும் இப்ப ஒரே ஆள் மேல போட்டாச்சு. புகார் குடுத்தவர்னு இங்க ஒரு கையெழுத்து, திருடன்னு இங்க ஒரு கையெழுத்து. கோப்பை மூடிடலாம்."

"அப்ப சான்றிதழ்?"

"திருடன் கிடைச்ச பிறகு அலறல் எப்படிப் பொய் ஆகும்? எல்லாம் நிஜம்."

"சரி சார். கையெழுத்துப் போட்டுட்டு நாங்க கிளம்பறோம். குழந்தையை டாக்டர்கிட்ட காட்டணும்."

"காரை எப்படி எடுத்துட்டுப் போவீங்க?" இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "மீட்ட பொருளை உரிமையாளர்கிட்டதான் ஒப்படைக்கணும். உரிமையாளர் நீங்க. ஆனா உங்ககிட்ட குடுத்தா திருடன்கிட்ட குடுத்த மாதிரி ஆயிடுமே. நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு முடிவாகற வரைக்கும் கார் எங்க வளாகத்துல பத்திரமா நிக்கட்டும். சாவி."

லிஃப்ட்காரர் சாவியை மேசைமேல், மூடப்போகிற கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வாரம் ஒரு தடவை என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. அவருக்குக் கண் கலங்கியது.

அப்போது குழந்தை வீலென்று அழுதது.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்தார். எழுத்தர் பேனாவை எடுத்தார். மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

மனைவி துணிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். குழந்தையை இயக்குநரின் மேசையில், மெத்தென்று இருந்த அந்தக் கோப்பின்மேல் படுக்கவைத்து, துணியை அவிழ்த்து, துடைத்து, வேறு துணி சுற்றினாள். அழுகை நின்றது. ஈரத்துணியோடு மேசையில் கிடந்தவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"காரணம்?" என்றார் எழுத்தர், பேனா அந்தரத்தில் நிற்க.

"நனைச்சுட்டா."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தொட்டுப் பார்த்தேன்."

"பதினோரு நிமிஷம் ஆகறதுக்கு முன்னாடியா?" என்றார் ஆய்வாளர் மெல்ல.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். லிஃப்ட்காரர் இரண்டு கையெழுத்தையும் ஈரமான கோப்பில் போட்டுவிட்டுப் பின்னால் போனார்.

கீழே வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. ஆனால் ஜீப் பே பே என்று அலற, அவள் தூக்கத்தில் உதட்டைப் பிதுக்கினாள். லிஃப்ட்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அசல் கோபம் வந்தது. நேராக ஜீப்பிடம் போய்ப் பானெட்டைத் தூக்கினார். சுண்டு விரல் அளவு சுவிட்ச், கிழிந்த ரப்பர் தொப்பி, பத்தொன்பது வருஷத் துரு. வாசற்காவலரின் மேசையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை உருவி எட்டாக மடித்துச் செருகி, மூடினார்.

சத்தம் நின்றது.

காவலர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். மாடி ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. "ஜீப் அடிக்கலை! ஜீப்பை யாரோ திருடறாங்க!" என்று இயக்குநர் மூன்றாம் மாடியிலிருந்து கத்தினார். துறையின் வரலாற்றில் முதன்முறையாக எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள், படிகளில் உருண்டு புரண்டு ஓடி வந்து ஜீப்பைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் அதைத் தொடவில்லை.

"என்னங்க, ஏறுங்க" என்றாள் மனைவி. அவள் கையில் கார் சாவி இருந்தது. "ஈரத்துணியோட வந்துடுச்சு."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். ஜீப்பைச் சூழ்ந்திருந்த முதுகுகளைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் முணுக்கென்றுகூடச் சொல்லாமல் கிளம்பி, ஆய்வாளரின் முழங்கையை உரசாத குறையாகத் தாண்டி, திறந்து கிடந்த வாசல் வழியே பாலத்துப் பக்கம் திரும்பியது.

ஜீப்பை விட்டு ஓரமாகத் திரும்பி வந்த காவலர், நேரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: 'சாம்பல் நிறக் கார், வளாகத்தில். அலறல் எதுவும் இல்லை. பத்திரம்.'